சங்கிலி இருந்த இடம்

இல்லை, உன் அண்ணா இல்லை. நான்தான் அழித்தேன்.

இன்று காலை தபாலில் உன் கல்வெட்டு வந்தது. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் நினைவுப் புத்தகத்தை நம் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். உறையைப் பிரித்ததும் அச்சு மையின் வாடை. அட்டையில் நீ. நெற்றியில் பொட்டு. கழுத்தில் ஒன்றுமில்லை.

புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

நீ போய் இருபதாம் நாள் அண்ணா அழைத்தார்.

"தங்கச்சி, நீர்தானே கல்லுப் படங்களைக் கம்ப்யூட்டரில துப்பரவாக்கிறனீர். கல்வெட்டுப் படத்தில அவளின்ர கழுத்தில இருக்கிற அந்தச் சிலுவைச் சங்கிலியை மட்டும் எடுத்துவிடும். அப்பான்ர சொந்தமெல்லாம் கோயில் மண்டபத்துக்கு வருகினம்."

"அது அம்மா போட்டுவிட்டதெல்லோ அண்ணா?"

"அம்மா ஓமெண்டிட்டா."

உன் அம்மாவிடம் நான் கேட்கவில்லை. பத்து நிமிட வேலை. பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்துச் சங்கிலியின் மேல் பூசினேன். நன்றாகவே செய்தேன். இன்று அதுதான் அருவருப்பாக இருக்கிறது.

நாம் ஒன்றாகப் படித்த காலத்தில் ஒருநாள். பாசல் நகரில், பல்கலைக்கழக நூலகத்தின் மேல்மாடி. கீழே ட்ராம் திரும்பும் கிறீச்சு. நமக்கு நடுவே மான் என்னும் தீவின் உடைந்த கல்லொன்றின் படங்கள். வைக்கிங்குகள் அங்கே குடியேறிய காலத்தில் செதுக்கிய சிலுவைக் கல். ஒரு பக்கம் ஓநாயின் வாயில் கால் அகப்பட்ட அவர்களுடைய பழைய கடவுள், தோளருகே பறவை. மறுபக்கம் சிலுவையும் புத்தகமும் ஏந்திய ஆள், அருகே பாம்பு. பழைய சமயம் தோற்றது, புதியது வென்றது என்று வகுப்பில் எல்லோரும் எழுதினோம். நீ மட்டும் எழுதவில்லை.

"உளி போன சாய்வைப் பார். ரெண்டு பக்கத்தையும் ஒரே கைதான் வெட்டியிருக்கு. அவனுக்கு ரெண்டும் வேணும். உங்களுக்குத்தான் ஒண்டு தோக்கோணும்."

பொட்டும் சங்கிலியுமாக இருந்துகொண்டுதான் சொன்னாய். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

அந்தக் கல்லை நான் கோட்டு வரைபடமாக்கியபோது ஓநாயின் தாடைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கோட்டை அழித்திருந்தேன். கண்டுபிடித்துவிட்டாய்.

"அது சும்மா கீறலடி."

"ஆர் சொன்னது? கல்லு சொன்னதோ?"

"இப்ப படம் வடிவா இருக்கெல்லோ."

"வடிவு வேணுமெண்டால் போய்க் கேக்குக்கு ஐசிங் பூசு. இருக்கிறதை அழிக்கிறது அசிங்கம் பிடிச்ச வேலை."

அந்தக் கோட்டைத் திரும்ப வரைகிறேன் என்றேன். கீறவில்லை.

கல்வெட்டின் அட்டையை இன்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். கல்லைப் பார்ப்பதுபோல, விளிம்பு விளிம்பாக. காறை எலும்பின் மேல் ஒரு மெல்லிய சாய்ந்த நிழல். சங்கிலியை அழித்தவள் அதன் நிழலை விட்டுவிட்டேன். உன்னைப்போல் பார்ப்பவர்களுக்கு அது போதும். ஆனால் மண்டபத்தில் யார் அப்படிப் பார்த்திருப்பார்கள்? எல்லோரும் பார்த்தது நான் பூசிய கழுத்தை.

திருத்தாத படத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு மதியம் ஓல்டனில் இருக்கும் உங்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த உன் அம்மாவின் கழுத்தில் அந்தச் சங்கிலி.

"அம்மா, படத்தில நான்தான் அழிச்சனான்."

"தெரியும். உன்னை விட்டால் இந்த வேலை ஆருக்குத் தெரியும்?"

"நீங்கள் ஓமெண்டதாய் அண்ணா சொன்னவர்."

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. நீயும் கேக்கேல்லை."

படத்தை வாங்கினார். சங்கிலி தெரிந்த இடத்தை விரலால் ஒருமுறை தொட்டுவிட்டு, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். தேத்தண்ணி குடிக்கிறியா என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் அது முதல்முறை.

திரும்பும் ரயிலில் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாடைக் கோட்டை அழித்ததும் இது. உன் சங்கிலியை அழித்ததும் இது. ஒரே கை.

வீட்டுக்கு வந்து வரைபடத்தைத் திறந்து, ஓநாயின் தாடைக்குப் பக்கத்தில் அந்தக் கோட்டைத் திரும்பக் கீறினேன்.