என் தாயாரின் கடனை என் பெயருக்கு மாற்றக் கோரும் மனு

அனுப்புநர்
கெண்ட்ரா ரூக்கர்,
பள்ளி ஆசிரியை,
மேக்கன், ஜார்ஜியா மாநிலம்.

பெறுநர்
உயர்திரு குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
கல்விக் கடன் பிரிவு,
வாஷிங்டன்.

பொருள்: என் தாயார் திருமதி ஒடெஸ்ஸா ரூக்கர் பெயரிலுள்ள கல்விக் கடனை என் பெயருக்கு மாற்ற வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்த என் தாயார், என் கல்லூரிப் படிப்புக்காக, பெற்றோருக்கான அரசுக் கடனாக முப்பத்தைந்தாயிரம் டாலர் வாங்கினார். கூரையைப் பழுதுபார்க்கக் கடன் கேட்டபோது ஆயிரம் கேள்வி கேட்டுக் கைவிரித்த ஊர் இது. இந்தக் கடனுக்கு மட்டும், எப்படிக் கட்டுவாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து பதினோரு ஆண்டுகளாகக் கட்டியும் பாக்கி இன்று ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது.

2. என்னுடன் படித்து, இன்று என் பள்ளியிலேயே அதே சம்பளம் வாங்கும் ஹேலி வெள்ளையினப் பெண். அவர் பெற்றோர் வீட்டை அடமானம் வைத்துக் குறைந்த வட்டிக்குப் பணம் வாங்கினார்கள். அந்தக் கடன் என்றோ அடைந்துவிட்டது. கறுப்பர்கள் வாழும் எங்கள் தெருவில் அதே அளவு வீட்டுக்கு வங்கி பாதி விலைகூட மதிக்கவில்லை. ஹேலி மீது எனக்கு வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது.

3. சென்ற பிப்ரவரியில் தவணையைக் குறைக்கச் சொல்லி, அரசுக்காகக் கடன் வசூலிக்கும் நிறுவனத்துடன் தொலைபேசியில் பேசினோம். அங்கிருந்த பெண் மரியாதையாகவே பேசினார். "வேற வழியே இல்லம்மா. நீங்க காலமாயிட்டா மட்டுந்தான் மொத்தக் கடனும் தள்ளுபடி ஆகும்" என்றார். "இத்தன வருஷத்துல இவங்க சொன்ன நல்ல சேதி இது ஒண்ணுதான்" என்று என் தாயார் சிரித்தார். நானும் சிரித்தேன்.

4. மே மாதம் ஞாயிறு ஆராதனையின்போது என் தாயார் மயங்கி விழுந்தார். சர்க்கரை நோயாளியான அவர், அந்தத் தொலைபேசிப் பேச்சுக்குப் பிறகு இன்சுலின் வாங்கவே இல்லை என்பது மருந்துக்கடையில் விசாரித்தபோதுதான் தெரிந்தது. மருத்துவமனையில் ஏன் என்று கேட்டதற்கு, "கத்தாதடி, நர்சு பாக்குறா. அரசாங்கமே வழி சொல்லியிருக்கு. நான் போயிட்டா நீ ஒரு வீடு வாங்கலாம், புள்ள பெத்துக்கலாம்" என்றார். இப்போதும் ஊசி போட மறுக்கிறார்.

5. நான் தள்ளுபடி கேட்கவில்லை. கடன் முழுவதையும் வட்டியோடு என் தலையில் எழுதுங்கள். அதன்பின் அவர் இறந்து யாருக்கும் லாபமில்லை. பெற்றோர் கடனைப் பிள்ளைக்கு மாற்ற விதியில்லை என்று தங்கள் அலுவலகம் இருமுறை பதில் அனுப்பியுள்ளது. தனியார் வங்கிகளும் மறுத்துவிட்டன.

6. இம்முறையும் விதி இடம் தராவிட்டால், இறந்தாலும் கடன் தீராது என்று முத்திரையிட்ட தாளில் என் தாயாருக்கு ஒரு வரி எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். அது பொய் என்று நான் அவரிடம் சொல்ல மாட்டேன்.

இடம்: மேக்கன்
நாள்: ஜூன் 9

இப்படிக்கு,
(ஒப்பம்)
கெண்ட்ரா ரூக்கர்