இருபத்து நாலடி ஒரு அங்குலம்

பவானிபூர்,
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சுந்தரராஜ மாமாவுக்கு,

மாதங்கி எழுதுவது. நான் கீழ்த்தளம், நீங்கள் இரண்டாவது மாடி. நடுவில் கடிதப் போக்குவரத்து என்றால் ஊர் சிரிக்கும். ஆனால் நேற்று வாசலில், "எதுவா இருந்தாலும் எழுதிக் குடும்மா, ஃபைல்ல இருக்கட்டும்" என்று சொன்னது நீங்கள்தான். கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸிலிருந்து நீங்கள் ரிடையர் ஆகிவிட்டீர்கள், உங்கள் ஃபைல் இன்னும் ஆகவில்லை. ஆகட்டும், எழுதுகிறேன்.

மார்ச்சில் ஆட்டோ கவிழ்ந்ததிலிருந்து நான் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். இனியும் அதில்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு அழ வேண்டியதை அழுது முடித்துவிட்டேன். பள்ளியில் லிஃப்ட் இருக்கிறது, என் கணக்கு டீச்சர் வேலையும் இருக்கிறது. பூஜை லீவு முடிந்ததும் சேர வேண்டும். சேராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள். எனக்கும் வேலைக்கும் நடுவில் இருப்பது நம் கட்டட வாசலின் நாலு படிகள்தான். மழைத் தண்ணீர் உள்ளே வரக்கூடாதென்று இரண்டடி உயர்த்திக் கட்டியவர்கள், மனுஷி வெளியே போக வேண்டியிருக்கும் என்று யோசிக்கவில்லை.

இப்போது நம் தெரு கிளப் பையன்கள் நாலு பேர் நாற்காலியோடு என்னைத் தூக்கி இறக்குகிறார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் மாமா, நாலு பேர் என்னைத் தூக்குவது ஒரே ஒரு தடவைதான் நடக்க வேண்டும். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

நான் கேட்பது ஒரு ராம்ப், படிக்குப் பதில் ஒரு சாய்தளம். ஓர் அடி உயரத்துக்குப் தரையில் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்றால், இரண்டடிக்கு இருபத்து நாலு. படியிலிருந்து கேட் வரை இருபத்தாறு இருக்கிறது. அதில் பாதியை அடைத்துக்கொண்டு உங்கள் கார் நிற்கிறது. அதைத் தெருவில் நிறுத்த வேண்டும். செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாமிக்கு நமஸ்காரம்.

மாதங்கி


27 ஆகஸ்ட் 2025

சௌ. மாதங்கிக்கு சுந்தரராஜன் அநேக ஆசீர்வாதம்.

உன் கடிதம் நம் கட்டடக் கமிட்டியில் வாசிக்கப்பட்டது. எல்லோருக்கும் மனசு கஷ்டமாகிவிட்டது. மித்ரா பாபு கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் ஒன்றை நீ கவனிக்கவில்லை. இருபத்து நாலடி என்பது தரையில் அளந்தது. ராம்ப் சாய்வாகப் போவது. சாய்வு என்றாலே நீளம் கூடும், முப்பதடியாவது வரும். கேட்டைத் தாண்டித் தெருவில் நீட்டிக்கொண்டு நிற்கும். கார்ப்பரேஷன்காரனுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே இடமில்லை என்று கமிட்டி வருத்தத்துடன் தெரிவிக்கிறது.

மாமி சொல்கிறாள்: "ஆத்துலயே ட்யூஷன் எடுக்கட்டுமே, பசங்க தானா தேடிண்டு வருவா." எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. இந்த உடம்போடு எதற்கு அலைச்சல்? உன் அப்பா இருந்தால் அவனும் இதையேதான் சொல்லியிருப்பான்.

ரசம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். சூடாகச் சாப்பிடு.

சுந்தரராஜன், செயலாளர்


28 ஆகஸ்ட் 2025

மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு,

மாமா என்று எழுதினால் எனக்குக் கோபம் தணிந்துவிடும். இன்று தணியக்கூடாது.

ஓர் ஏணியைச் சுவரில் சாய்த்து வையுங்கள். உச்சி வெயிலில் அதன் நிழல் நேர் கீழே தரையில் விழுகிறது. ஏணியின் நீளத்தை நிழலின் நீளத்தால் வகுத்தால் வருவதற்கு சீகண்ட் என்று பெயர். வட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டு போகும் கோட்டையும் அப்படித்தான் சொல்வார்கள். நமக்கு வேண்டியது இந்த ஏணிக் கணக்கு. ராம்ப் கேட்டைத் தாண்டுமா என்பதை நிழல் சொல்லும்: இருபத்து நாலடி, அவ்வளவுதான். எவ்வளவு நீளப் பலகை வாங்க வேண்டும் என்பதை சீகண்ட் சொல்லும்: இருபத்து நாலடி ஒரு அங்குலம். அந்த ஒரு அங்குலத்தைத்தான் நீங்கள் ஆறடியாக்கி, மித்ரா பாபுவை அழவும் வைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சாய்வு ஏற ஏற சீகண்ட் வளரும். அறுபது டிகிரியில் ஏணி நிழலைப்போல இரண்டு மடங்கு. செங்குத்தாக நின்றுவிட்டால் நிழலே இல்லை, பூஜ்யத்தால் வகுக்க முடியாது. விடை ரொம்பப் பெரியது என்று அர்த்தமில்லை, விடையே கிடையாது. உங்களுக்கு அது படி. என் சக்கரத்துக்கு ஒவ்வொரு படியும் ஒரு செங்குத்துச் சுவர். "கொஞ்சம் முயற்சி பண்ணேன்" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.

ட்யூஷன் எடுக்க மாட்டேன். எனக்கு வகுப்பு வேண்டும், கரும்பலகை வேண்டும், கடைசி பெஞ்சில் பேசுகிறவளை அதட்ட வேண்டும். அப்பாவும் இதையே சொல்லியிருப்பார் என்றீர்கள். சொல்லியிருப்பார்தான். அவரோடும் சண்டை போட்டிருப்பேன்.

ரசத்தில் உப்பு சரியாக இருந்தது.

மா. (கீழ்த்தளம்)


2 செப்டம்பர் 2025

சௌ. மாதங்கிக்கு, நீ கோபமாக எழுதினாலும் என் ஆசீர்வாதம்.

முப்பதடி என்றது பிசகுதான். பெங்களூரில் இருக்கும் வசுமதியைப் போனில் பிடித்து சீகண்டை நானும் கற்றுக்கொண்டேன். பெற்ற பெண்ணிடம் இந்த வயதில் பாடம் கேட்டேன், பார்த்துக்கொள்.

இப்போது கேள். ராம்பைப் பாதியாக்கி, தரையில் பன்னிரண்டடி போதும் என்று வைத்துக்கொண்டால் பலகை எவ்வளவு? பன்னிரண்டடி இரண்டு அங்குலம்! உன் சீகண்ட் அங்கேயும் ஒன்றை ஒட்டித்தான் இருக்கிறது. பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. காரும் நிற்கும், ராம்பும் நிற்கும். உன் கணக்கே உன்னை மடக்கிவிட்டதே! கமிட்டி பன்னிரண்டடிக்கு ஒப்புதல் அளித்துவிட்டது. இனி கோபமில்லையே?

சுந்தரராஜன்


15 செப்டம்பர் 2025

செயலாளர் மாமாவுக்கு,

சபாஷ். என் வகுப்பில் இருந்திருந்தால் கணக்குக்கு முழு மார்க்கும், யோசனைக்கு முட்டையும் போட்டிருப்பேன்.

சீகண்ட் நீளத்தை மட்டும்தான் சொல்லும். ஏறுகிறவளின் கையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அதற்கு வேறு கணக்கு இருக்கிறது, அதில் உங்கள் ராம்ப் இரண்டு மடங்கு கனம். இதைக் கடிதத்தில் நிரூபிக்க நான் தயாரில்லை. எத்தனை நாள்தான் எழுதிக்கொண்டே இருப்பது?

நம் தெரு பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டும் நிமாய்தாவைக் கூப்பிட்டேன். நீங்கள் ஒப்புக்கொண்டபடியே பன்னிரண்டடிக்குப் பலகை அடித்துவிட்டார். அது முடிகிற இடத்துக்கு அப்பால் உங்கள் கார் ஜம்மென்று நிற்கிறது. ராம்பின் கீழ்முனையில் என் பழைய சக்கர நாற்காலியை வைத்திருக்கிறேன். உட்காருங்கள். யாரையும் தள்ளச் சொல்லாமல் மேலே ஏறுங்கள். ஏறிவிட்டால் வாழ்நாள் முழுக்க ட்யூஷன் எடுக்கிறேன். ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதங்கி


18 செப்டம்பர் 2025

சௌ. மாதங்கிக்கு,

நேற்று விஸ்வகர்மா பூஜை. கட்டடமே மொட்டை மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நான் கீழே இறங்கி உன் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பாதி வரை ஏறினேன். அதற்கு மேல் கை வரவில்லை. விட்டால் பின்னால் போகும், பிடித்தால் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. யாரையாவது கூப்பிடலாம் என்றால் வெட்கமாக இருந்தது. உண்மையில் பயமாகவும் இருந்தது. அப்புறம் கை விட்டுவிட்டது. நேராகப் பின்னால் உருண்டுபோய் என் காரிலேயே முட்டி நின்றேன். முன்விளக்கு நொறுங்கிவிட்டது. சத்தம் கேட்டு மேலேயிருந்து எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பட்டம் அறுந்தால் கத்துவார்களே, "போ-காட்டா!", அதை மித்ரா பாபுதான் முதலில் கத்தினார். முழங்கை சிராய்ப்புக்கு மாமி மருந்து போட்டாள். "நன்னா வேணும்" என்றாள்.

காரை இன்று காலை தெருவுக்குக் கொண்டுபோய்விட்டேன். இருபத்து நாலடிக்கு உத்தரவு என் கையாலேயே எழுதியாகிவிட்டது. சிமெண்டிலேயே கட்டச் சொல்லிவிட்டேன், செலவு கட்டடத்தினுடையது.

ஒரே ஒரு விஷயம். கமிட்டிக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதிக் கொடும்மா. ஃபைலை மூட வேண்டும், அவர்களும் சந்தோஷப்படுவார்கள்.

சுந்தரராஜன்


30 அக்டோபர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

இன்று பள்ளிக்குப் போய்விட்டு வந்தேன். காலையில் கிளப் பையன்கள் வழக்கம்போல் வந்து, "தீதி, தூக்கட்டுமா?" என்று கேட்டார்கள். "நகருங்கடா" என்றேன். இருபத்து நாலடியும் நானே இறங்கினேன், சாயங்காலம் நானே ஏறினேன். நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்க நின்றேன். யாரும் தள்ளவில்லை. பதினொன்றாம் வகுப்பில் சீகண்ட் நடத்தினேன். முன்விளக்கு நொறுங்கிய கதையையும் சொன்னேன், பெயர் சொல்லவில்லை. கடைசி பெஞ்ச் விழுந்து விழுந்து சிரித்தது.

நீங்கள் பால்கனியில் நின்றுகொண்டிருந்தீர்கள் என்று மாமி சொன்னாள். நான் மேலே பார்க்கவில்லை. இரண்டு கையும் சக்கரத்தில் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காபிக்கு வாருங்கள், முன்பு அப்பாவோடு குடிக்க வருவீர்களே, அதுபோல. செயலாளர் வர வேண்டாம், மாமா வந்தால் போதும்.

நன்றிக் கடிதம் எழுத மாட்டேன். இத்தனை வருஷத்தில் அந்த நாலு படிகளுக்காக இந்தக் கட்டடத்தில் யாரும் யாருக்கும் நன்றிக் கடிதம் எழுதியதில்லை. ஃபைல் திறந்தே இருக்கட்டும்.

உங்கள்
மாதங்கி