வாளில் எழும்பிய பெருவிரல்

என் ஆசை மச்சாள் திரேசாவுக்கு,

நீ கண்மூடி எட்டு மாதம். நீ வேலை செய்த இத்தாலிய அம்மா, அந்தச் சின்யோராவின் வீட்டில் இப்போது நான் வேலை செய்கிறேன். கோபிக்காதே. சம்பளத்துக்காகப் போகவில்லை. அந்த வாளை என் கண்ணால் பார்க்கப் போனேன்.

வாளை வெறுங்கையால் தொட்டுக் கெடுத்தாய் என்றுதானே அந்த மனுசி உன்னை வேலையால் நிறுத்தினாள்? அதோடு விட்டாளா? ஒரேத்தோத் தெருவில் நம் கோயில் வாசலுக்கே வந்து, பலெர்மோவில் இருக்கிற நம் சனம் முழுக்கக் கேட்கும்படி அதையே சொன்னாள். அன்று அவள் போட்டிருந்த சப்பாத்தின் நிறம்கூட எனக்கு மறக்கவில்லை.

கப்பலில் போன அவளுடைய தகப்பன் யப்பானில் இருந்து கொண்டுவந்த சாமான்கள். கிமோனோ என்கிற உடுப்பைப் பற்றி நீ சொன்னபோது நான் நம்பவில்லை. கருநீலப் பட்டில் வெள்ளைக் கொக்குகள் மேலே மேலே ஏறுகின்றன. உள்ளே புரட்டினால் இரத்தச் சிவப்பு. வெளியே தெரியாத இடத்தில் இவ்வளவு வடிவு யாருக்கு? மறைக்கத் தெரிந்தவர்கள் தைத்தது என்றே எனக்குப் பட்டது.

வாளும் வடிவுதான், பொய் சொல்ல மாட்டேன். கறுத்த உறையில் இருந்து உருவினால் கூர் நெடுக வெள்ளையாய் ஓர் அலைக்கோடு, நம் ஊர்ப் பேசாலைக் கரையில் கடல் வற்றும்போது நுரை விட்டுப்போகிற மாதிரி. வெறும் விரல் பட்டால் சில கிழமையில் அந்த விரலின் ரேகையே துருவாக எழும்பும். துணியால் பிடித்துத்தான் எண்ணெய் பூச வேண்டும்.

திங்கட்கிழமை உரோமில் இருந்து ஒருவர் வந்து அந்தத் துருவைத் தீட்டி அழிப்பாராம். இத்தனை நாள் இல்லாத அவசரம் இப்போது ஏன்? மனுசி கிமோனோவைக் காற்றாட விரிக்கப் போன நேரம், வாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

ஒரு பெருவிரல். ரேகை சுழன்று சுழன்று, ஒரு வெட்டில்லாமல் முழுசாக இருந்தது. கரையில் மீன் வாடியில் பத்து வருசம் மீன் வெட்டிய உன் இரண்டு பெருவிரலிலும் ரேகை எங்கே இருந்தது? எல்லாம் தழும்புதானே. கோப்பித்தூள் வைத்துக் கட்டியவள் நான்.

கிமோனோவோடு அவள் திரும்பி வந்தாள். "சின்யோரா, உங்கட பெருவிரலை ஒருக்கா இதுக்குப் பக்கத்திலை பிடியுங்கோ" என்று என் அரைகுறை இத்தாலியனில் கேட்டேன். இரண்டு கையையும் பட்டுக்குள் நுழைத்துக்கொண்டாள். அந்த உடுப்புக்கு ஏன் அவ்வளவு அகலமான சட்டைக்கை என்று அப்போது விளங்கியது.

பிறகு கிமோனோவை என்னிடம் நீட்டினாள். எனக்காம். என் வாயைத் தைக்கப் பட்டு நூலோ?

"இது எனக்கு வேண்டாம். ஞாயிறு பூசை முடிய வாசலுக்கு வாங்கோ. சொன்ன இடத்திலையே மாத்திச் சொல்லுங்கோ."

தலையை ஆட்டினாள். ஆட்டின தலையை நான் நம்பவில்லை. அடுத்த நாள் மருமகனின் கமராவைக் கொண்டுபோய் அந்தத் துருவைப் படமெடுத்து, வுச்சீரியாச் சந்தைப் பக்கத்துக் கடையில் கழுவக் கொடுத்தேன்.

ஆனால் திரேசா, அவள் கோயில் வாசலில் சொல்லிவிட்டுப் போன அன்று உன் குசினியில் நான் கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும்.

"உண்மையாத் தொட்டனியோடி?"

நீ தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பி நின்றாய். பிறகு சாகும்வரை என்னோடு கதைக்கவில்லை. உனக்குத் திமிர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அந்த விரல்களைக் கட்டிய நான் எப்படிக் கேட்டேன்?

ஞாயிறு அவள் வந்தாலும் வராவிட்டாலும் வாசலில் நான் நிற்பேன். படத்தைக் காட்டுவேன். பிறகு, நானும் உன்னைச் சந்தேகித்தேன் என்று அந்தச் சனத்துக்கு முன்னால் என் வாயாலேயே சொல்வேன். இது சத்தியம்.

உன் விரலைக் கட்டியும் உன்னை நம்பாத மச்சாள்,
ஞானம்