ஸ்டியரிங் இல்லாத வண்டி

வெள்ளிக்கிழமை, விழுப்புரம்

ஜெயித்துவிட்டேன். வேலையை விட வேண்டியதில்லை.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து திரும்பும்போது ரயில் பெட்டி பயங்கரமாக ஆடியதை நேற்று வீட்டில் உளறிவிட்டேன். லாரி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் அதையே பிடித்துக்கொண்டார். "ஸ்டியரிங்கே இல்லாத வண்டி. வளைவுல எத்த நம்பிப் போறே? ஆஸ்பத்திரி வேலைய உட்டுடு" என்றார்.

ரயில் எப்படித் திரும்புகிறது என்று அவருக்குக் காட்ட, இன்று சாயந்திரம் இரண்டு பேப்பர் கப்பை அடியோடு அடி ஒட்டினேன். இரண்டு நீளக் குச்சிகளைத் தண்டவாளம் மாதிரி சரிவாக வைத்து உருட்டினேன். பாதியிலேயே விழுந்தது. "பாத்தியா!" என்று கைதட்டிச் சிரித்தார். கப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அப்புறம்தான் புரிந்தது, மாற்றி ஒட்டியிருக்கிறேன்.

பிய்த்து, வாயோடு வாய் ஒட்டினேன். ரயில் சக்கரமும் உள்பக்கம் பருத்து, வெளிப்பக்கம் சிறுத்துத்தான் இருக்கும். வண்டி ஒரு பக்கம் விலகினால், அந்தப் பக்கச் சக்கரம் பருத்த இடத்தில் உருண்டு, ஒரே சுற்றில் மற்றதைவிடக் கூடுதல் தூரம் ஓடும். வண்டி தானாக நடுவுக்குத் திரும்பிவிடும்.

அவரே வேண்டுமென்று கோணலாக வைத்து உருட்டினார். கப்பு ஆடி ஆடி நடுவுக்கு வந்து கடைசிவரை ஓடியது.

"இன்னா செல்வி, தானே திரும்பிக்கினு போவுது!"

"ஆமாங்க. நடுவுக்கு வரத்தான் அந்த ஆட்டம்."

"ரொம்ப வேகமாப் போனா?"

"அதுக்குத்தான் வேகத்துக்கு அளவு வச்சிருக்காங்க. மீறி விலகினாலும் சக்கரத்தோட விளிம்பு தடுத்துடும்."

அதற்குமேல் கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது. நல்லவேளை, கேட்கவில்லை.

திங்கட்கிழமை திண்டிவனம் வரை என்னோடு ரயிலில் வருகிறாராம். ஜன்னல் சீட்டு அவருக்கு வேண்டுமாம். தரமாட்டேன்.