பெயர் கொடுத்தவர்கள்

சின்னேரிப்பாளையம்,
மேட்டுப்பாளையம் வழி.
22.6.1997

அன்பு அம்மணி நஞ்சம்மாளுக்கு,

மாமா பாலுசாமி ஆசிகளுடன் எழுதுவது. கைத்தடி இருந்தால் தபாலாபீஸ் வரை போய்வர முடிகிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை ரிட்டயர் ஆன பிறகும் ஜாம்ஷெட்பூரிலேயே தங்கிவிட்டது நல்லதுதான். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்கள். மழை இங்கே இந்த வருஷம் காலத்தில் தொடங்கிவிட்டது. பவானியில் செந்தண்ணீர் போகிறது.

உன் அத்தை காலமாகி, வருகிற ஆடியோடு மூன்று வருஷம். சென்னியப்பனும் மருமகளும் முன்வீட்டில் இருக்கிறார்கள். பின்னறை எனக்கு. வேளை தவறாமல் தட்டில் மூடிச் சாப்பாடு வந்துவிடுகிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் தட்டு கொண்டுவருகிறவர்கள் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். முன்வீட்டு டி.வி. சத்தம் கேட்டுக்கொண்டே சாப்பிடுவேன். சென்னியப்பன் இப்போது வார்டு மெம்பர். அவனுக்கு நிற்க நேரமில்லை.

எழுத வந்த விஷயம் வேறு. சுதந்திரப் பொன்விழாவுக்கு நம் ஊர்ப் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் ஒரு கல் நடப்போகிறார்கள். இந்த ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர்கள் பெயரும், நாட்டுக்காகக் கஷ்டப்பட்டவர்கள் பெயரும் அதில் வெட்டுவார்களாம். யோசனை சொன்னவன் சைக்கிள் கடை பீர் முகம்மது. எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் இடது கையில் இரண்டு விரலை விட்டுவிட்டு வந்தவன், உனக்கு நினைவிருக்கும். தினமும் சாயங்காலம் என்னோடு வந்து உட்கார்ந்து பேசுகிற ஒரே ஆள் அவன்தான். வீடு வீடாகப் போய் ஒன்பது பெயர் சேர்த்திருக்கிறான். அகர வரிசையில் உன் அப்பா பெயர்தான் முதலில் வருகிறது. ஆறுச்சாமி, லாரி டிரைவர், 1940-இல் சேர்ந்தவர்.

உன் அம்மா தகரப்பெட்டியில் வைத்திருந்த பட்டாளத்துக் காகிதம் உன்னிடம்தானே இருக்கிறது? அதிலுள்ள நம்பரையும் தேதியையும் எழுதி அனுப்பு. அவன் புறப்பட்டபோது உனக்கு இரண்டு வயது. உனக்கு அப்பா என்றால் அந்தக் காகிதம் மட்டும்தான் என்று நான் பல தடவை நினைத்ததுண்டு. இனி ஒரு கல்லும் இருக்கும். முடிந்தால் ஆகஸ்ட் பதினைந்துக்கு வந்து சேர். நீ வந்தால் இந்தப் பின்னறைக்கும் ஒரு கலகலப்பு வரும்.

எல்லோரும் தீர்க்காயுசாக இருங்கள்.

உன் மாமா,
பாலுசாமி

*

சின்னேரிப்பாளையம்,
20.7.1997

அன்பு அம்மணிக்கு,

மாமா எழுதுவது. உன் கடிதமும் அந்தக் காகிதத்தின் நகலும் வந்தன. 'நியூ கினியாவில் இறந்ததாகக் கருதப்படுகிறார்' என்ற வரியின் கீழே நீ பென்சிலால் கோடு போட்டிருந்தாய். மாப்பிள்ளை டிக்கெட் எடுக்கப் போகிறார் என்றும் எழுதியிருந்தாய். எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடச் சொல், கண்ணு. எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் ஒரு வாரமாகத் தள்ளிப்போட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் விழாக் கமிட்டி கூடியது. தலைவர் வரதராஜுலு பட்டியலைப் படித்தார். உன் அப்பா பெயரைப் படித்ததுமே பின்னாலிருந்து ஒருவர், அவர் எந்தப் பட்டாளம் என்று கேட்டார். வெள்ளைக்காரன் பட்டாளம் என்றதும் சலசலப்பு வந்துவிட்டது. தேர்தல் முடிந்து ஒரு வருஷம் ஆகவில்லை. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. ஒரு கட்சிக்காரர் ஆமாம் என்றால் இன்னொரு கட்சிக்காரர் இல்லை என்கிற நேரம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டது.

வரதராஜுலு பொறுமையாகத்தான் சொன்னார். "ஏனுங்க, இது சுதந்திரத்துக்குப் பொன்விழாங்க. வெள்ளைக்காரன் சம்பளத்துக்குத் துப்பாக்கி தூக்குனவங்க பேரை இதுல வெச்சுப்போட்டா, நாளைக்கு எல்லாரும் நம்மளக் காறித் துப்புவாங்கங்க."

பீர் முகம்மது எழுந்தான். "அன்னைக்கு வேற பட்டாளம் இருந்துச்சுங்களா? மழை பேயாத வருசத்துல போனவன் எந்தக் கொடின்னு பாத்தா போனான்? நானும் சம்பளத்துக்குத்தானுங்க போனேன். செத்திருந்தா என் பேரையும் அடிப்பீங்களா?" என்றான். உனக்கெதற்கு இந்த வேலை என்று யாரோ கேட்டார்கள். கேட்ட தொனி நன்றாக இல்லை. அவன் இடது கையை ஒரு தடவை தூக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

அப்புறம் பேசியவன் என் மகன் சென்னியப்பன். அதைத்தான் உனக்கு எழுதக் கை வரவில்லை. "எங்கப்பா சிங்கப்பூர்ல நேதாஜி படைக்குப் பேர் குடுத்தவருங்க. அதே கேம்ப்ல இருந்துக்கிட்டு, கூப்புட்டும் பேர் குடுக்காம, வெள்ளைக்காரனுக்கே விசுவாசமா இருந்தவர் பேரும் எங்கப்பா பேரும் ஒரே கல்லுல எப்படிங்க?" என்றான். கைதட்டினார்கள். நீ அவன் மேல் கோபப்படாதே. அவனுக்குத் தெரிந்ததை அவன் சொன்னான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியவரே ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றார் வரதராஜுலு. கமிட்டி என்ன முடிவு பண்ணினாலும் சரி என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துகொண்டேன், அம்மணி. வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குப் போன ஆறு பேரையும் அடித்ததில் ஒன்பது பெயர் மூன்றாகிவிட்டது. ஆகஸ்ட் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போன இரண்டு பேர், அவர்கள் இப்போது இல்லை. மூன்றாவது நான். உயிரோடு இருக்கிறேன் என்பதால் என் பெயரை முதலில் வெட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

அலைந்து வர வேண்டாம். முழங்காலைப் பார்த்துக்கொள். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே என்று எழுதத்தான் நினைத்தேன். எழுதினால் அது எனக்கே பொய்யாகப் படும்.

மாரியம்மன் உங்களைக் காக்கட்டும்.

உன் மாமா,
பாலுசாமி

*

சின்னேரிப்பாளையம்,
18.8.1997

நஞ்சம்மாளுக்கு,

உன் கடிதம் எட்டாம் தேதியே வந்தது. நான்கே வரி. கல்லைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. 'மாமா, எனக்கு ஒன்றை மட்டும் சொல்லுங்கள். நீங்கள் பெயர் கொடுத்தீர்களே, அப்பா ஏன் கொடுக்கவில்லை? அவருக்கு நாடு வேண்டாமா, நாங்கள் வேண்டாமா?' என்று கேட்டிருந்தாய். பத்து நாளாக அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

உன் அப்பா பெயர் கொடுத்தான். எனக்கு முன்னால் கொடுத்தான்.

1942-இல் சிங்கப்பூர் விழுந்து நாங்கள் எல்லோரும் ஜப்பான்காரனிடம் கைதியானோம். சில மாதம் கழித்து, இந்திய தேசிய ராணுவத்தில் (பின்னால் நேதாஜி படை என்றானது அதுதான்) சேர விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று கேம்பில் அறிவித்தார்கள். நானும் அவனும் இருந்த பட்டாள லாரிக் கம்பெனியில் முதல் நாளே போய்ப் பெயர் கொடுத்தவர்களில் ஆறுச்சாமி ஒருவன். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எனக்குச் சீதபேதி கண்டு படுத்துவிட்டேன். மருந்து கிடையாது. பக்கத்தில் படுத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். பெயர் கொடுத்தவர்களை வேறு கேம்புக்கு மாற்றும் நாள் வந்தபோது, உன் அப்பா போகவில்லை. "இவனை உட்டுப்போட்டு நான் எங்கீங்க போறது, எந்திரிச்சு நடக்கட்டும், வாரேன்" என்று அதிகாரியிடம் சொன்னான். என் காதில் விழுந்தது. அங்கேயே அவன் பெயரை அடித்துவிட்டார்கள்.

அவன் எனக்குக் கஞ்சி ஊட்டினான். என் துணியைத் துவைத்துப் போட்டான். அப்படி எத்தனையோ வாரம். அவன் இல்லையென்றால் சென்னியப்பன் பிறந்திருக்க மாட்டான்.

நான் எழுந்து நடக்கத் தொடங்கிய சமயம், பெயர் கொடுக்காதவர்களை எல்லாம் கப்பலேற்றித் தூரத் தீவுகளுக்கு வேலைக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. போனவர்கள் திரும்ப மாட்டார்கள் என்றும் சொன்னார்கள். உன் அப்பா அன்று துறைமுகத்தில் மூட்டை இறக்கப் போயிருந்தான். நான் தனியாகக் கேம்ப் ஆபீசுக்குப் போய்ப் பெயர் கொடுத்தேன். நாட்டுக்காக இல்லை, அம்மணி. கப்பலுக்குப் பயந்து கொடுத்தேன். எழுதிக்கொண்டவர் தலையைத் தூக்கி, உன் கூட்டாளிகள் வேறு யாராவது உண்டா என்று கேட்டார். ஆறுச்சாமி என்ற பெயர் வாய் வரை வந்தது. ஒரு தடவை பெயர் கொடுத்துவிட்டு வராமல் நின்றவன், அவனைச் சொன்னால் என்னையும் சந்தேகப்படுவார்களோ என்று தோன்றியது. யாருமில்லை என்றேன்.

அன்றே என்னை வேறு பக்கம் மாற்றிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து லாரிகள் துறைமுகத்துக்குப் போயின. மூன்றாவது லாரியில் அவன் நின்றான். என்னைப் பார்த்துவிட்டான். தேறிவிட்டாயா என்று சைகையால் வயிற்றைத் தொட்டுக் கேட்டான். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான்.

நான் அந்தப் படையில் ஒரு குண்டும் சுடவில்லை. மலாயாவில் ஒரு கிடங்குக்குக் காவல் நின்றேன். ஊர் திரும்பியதும் உன் அம்மாவிடம், ஜப்பான்காரன் எங்களைப் பிரித்துவிட்டான் என்று மட்டும் சொன்னேன். நீ அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தியாகி என்று தாமிரப் பட்டயம் வந்தது, பென்ஷன் வந்தது. உன் கல்யாணத்தில் மாமன் சீர் கொண்டுவந்து நின்றேன். ஐம்பது வருஷத்தில் சொல்ல எத்தனையோ நாள் இருந்தது.

உனக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஊருக்குத்தான் முதலில் சொன்னேன். அதுவும் தப்பாகப் போயிற்று.

பதினைந்தாம் தேதி காலையில் கொடியேற்றிக் கல்லைத் திறந்தார்கள். நல்ல கூட்டம். என்னை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் மைக்கைக் கேட்டு வாங்கினேன். "ஆறுச்சாமி எனக்கு முந்தியே பேர் குடுத்தவனுங்க. என்னைக் காப்பாத்த நின்னதால அவன் பேரை அடிச்சாங்க. நான் அவனை உட்டுப்போட்டுத் தனியாப் போயிப் பேர் குடுத்தேனுங்க. கல்லுல இருக்க வேண்டியது அவன் பேருங்க. என் பேரைச் செதுக்கி எடுத்துப்போடுங்க" என்றேன். இன்னும் சொல்ல நினைத்தேன். சென்னியப்பன் ஓடிவந்து, "வெயிலுங்கப்பா, வாங்க" என்று கையைப் பிடித்துவிட்டான்.

வரதராஜுலு மைக்கை வாங்கிக்கொண்டார். "பெரியவருக்கு எண்பது நெருங்குதுங்க. கூட இருந்தவங்களை நெனச்சுக் கலங்கிப்போட்டாருங்க. தன் பேரு வேண்டாம்னு சொல்ற அந்தப் பெருந்தன்மைதானுங்க தியாகம்" என்றார். கூட்டம் கைதட்டியது. நான் சொன்னதற்குக் கைதட்டினார்கள், அம்மணி! நெடுநேரம் தட்டினார்கள்.

மறுநாள் சென்னியப்பன் மேட்டுப்பாளையத்திலிருந்து டாக்டரைக் கூட்டிவந்தான். டாக்டர் என்னிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டார். சரியாகத்தான் சொன்னேன். ஆனாலும் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். சென்னியப்பன் கதவருகே நின்று, "இனி யாரு கேட்டாலும் ஒன்னும் பேசாதீங்கப்பா" என்றான். அதற்கப்புறம் அவனும் என்னிடம் ஒன்றும் பேசவில்லை.

பீர் முகம்மது அன்று சாயங்காலம் வந்தான். உட்கார்ந்ததும், "நெசமாங்க?" என்று கேட்டான். நிஜம்தான் என்றேன். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "அந்த அம்மணிக்கு எழுதிப்போடுங்க" என்று சொல்லி எழுந்து போனான். நேற்று வரவில்லை. இன்றும் இருட்டிவிட்டது, வரவில்லை. இந்த ஊரில் என்னை நம்பியவன் அவன் ஒருவன்தான். அதனால்தான் வரவில்லை என்று நினைக்கிறேன்.

கல்லை மாற்ற மாட்டார்கள். கலெக்டருக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வந்தாலும் வராவிட்டாலும் மறுபடி எழுதுவேன். ஆனால் நீ கேட்ட கேள்விக்குக் கல் பதில் சொல்லாது. உன் அப்பாவுக்கு நாடும் வேண்டியிருந்தது, நீங்களும் வேண்டியிருந்தீர்கள். அவன் உங்களிடம் வந்து சேராததற்குக் காரணம் நான். இதைப் பிள்ளைகளுக்கும் சொல். என் பெயரையும் சேர்த்தே சொல்.

மன்னிக்கும்படி கேட்க எனக்கு வாயில்லை. நீ வைதாலும் சரி. மாமா என்று கூப்பிட மனம் வராவிட்டால் பெயரைச் சொல்லியே எழுது. கடிதம் மட்டும் நிற்காமல் வரட்டும், கண்ணு. தபால்காரர் இங்கே பதினோரு மணிக்கு வருகிறார்.

நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

பாலுசாமி