இருபது நிமிடம் கொதிக்க வேண்டிய இலை

மார்ச் 4, செவ்வாய்

இதயம் நடுநடுவே ஒரு துடிப்பைத் தவறவிடுகிறதாம். டாக்டர் காகிதச் சுருளை விரித்துக் காட்டினார். "ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீங்க?"

"குடிக்கிறது எட்டு. வாயில விட்டுத் துப்புறது இருநூறு."

தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். டீக் கம்பெனியில் தலைமை டேஸ்டர், இருபத்தொன்பது வருஷ வேலை என்று சொன்ன பிறகு பேனாவை மூடி வைத்தார். "துப்பினாலும் கொஞ்சம் உள்ள போகத்தான் செய்யும். உங்களுக்கு அந்தக் கொஞ்சமும் ஆகாது. காபீன் இருக்கற எதையும் இனி தொடாதீங்க."

தையல்காரனிடம் ஊசியைத் தொடாதே என்று சொல்வது எவ்வளவு சுலபம்!

மார்ச் 6, வியாழன்

தலைவலி. மண்டைக்குள் யாரோ மராமத்து வேலை பார்க்கிறார்கள்.

மார்ச் 7, வெள்ளி

இவள், என் மனைவி, தன் டீயைச் சமையலறையில் ஒளிந்து நின்று குடித்தாள். எதிரில் குடித்தால் எனக்குப் பாவமாம். அதற்கும் கத்தினேன். "டீ வேணாம்னு டாக்டர் சொன்னாரு. மனுஷங்க மேல விழுந்து பிடுங்கச் சொன்னாரா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் கடைசி வார்த்தை எப்போதும் அவளுடையதுதான்.

மார்ச் 11, செவ்வாய்

கம்பெனியில் டீ சுவைக்கும் நீண்ட மேசையில் என் இடத்தில் வேறொருவர். முதலாளியின் மகன்தான் இப்போது எல்லாம். சின்ன முதலாளி என்போம். தோளில் கை போட்டுப் பின்பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு, நான்கு தகர டப்பாக்கள்.

"காபீன் இல்லாத வகை ஒண்ணு இறக்கப் போறோம் சார். தென் ஆப்பிரிக்காவுலேர்ந்து சாம்பிள் வந்திருக்கு. நீங்க தைரியமா குடிக்கலாம்."

டப்பாவைத் திறந்தேன். மரத்தூள் மாதிரி ஊசி ஊசியாய், செங்கல் நிறத்தில். ரூய்போஸ். அந்தப் பக்கத்து மலைச்சரிவில் வளரும் ஒரு புதர்.

"இது டீயே இல்லையே" என்றேன்.

"அப்படின்னு நீங்க வெளியில சொல்லாம இருந்தா போதும்" என்றார்.

மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். மரியாதையோடுதான்.

மார்ச் 12, புதன்

ரூய்போஸை வழக்கமான அளவில் ஊறவைத்தேன். ஆறு நிமிடம் ஆகியும் சப்பென்று இருந்தது. கடுகடுப்போடு வெளியே போனவன் கணக்குப் பிள்ளையுடன் பேசிக்கொண்டே மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. தேயிலையாக இருந்தால் வாயே இழுத்துக்கொண்டிருக்கும். இது கசக்கவே இல்லை. நிறம் ஆழமாகியிருந்தது. காய்ந்த பழத்தோல் வாசம், ஓரத்தில் கொஞ்சம் மர வாசம்.

நன்றாக இருக்கிறது என்று எழுதக் கை வரவில்லை. "பாதகமில்லை" என்று எழுதினேன்.

மார்ச் 14, வெள்ளி

இரண்டாவது டப்பா ஹனிபுஷ். அதே பக்கத்து இன்னொரு புதர். ஆறு நிமிடத்தில் ஒன்றுமே வரவில்லை. வெந்நீரில் வைக்கோல்.

இதை நான் முன்பே சுவைத்திருக்கிறேன். டப்பாவைத் திறந்தபோதே தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.

ஒன்பது வருஷம் இருக்கும். எங்கள் மேசையில் ஒரு பெண் இருந்தாள். எதையும் நொடிக்கணக்கில் ஊறவைப்பாள் என்பதால் எல்லோரும் 'ஸ்டாப்வாட்ச்' என்று கூப்பிடுவோம். எங்கிருந்தோ இதே இரண்டு இலைகளையும் வரவழைத்து மேசையில் வைத்தாள். வருங்காலத்தில் இதற்குப் பெரிய சந்தை இருக்கும் என்றாள். ஹனிபுஷ்ஷை ஒரு வாய் உறிஞ்சித் தொட்டியில் துப்பினேன். "சார், இது ஊறவைக்கிறது இல்ல. இருபது நிமிஷம் கொதிக்க விடணும்" என்றாள்.

"நாம டீ போடறோமா, எலும்பு வேக வைக்கறோமா?" என்றேன்.

மேசையைச் சுற்றிப் பதினோரு பேர். அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து இவளிடமும் சொல்லிச் சிரித்தேன்.

மார்ச் 17, திங்கள்

இன்று கொதிக்கவைத்தேன். இருபது நிமிடம், கடிகாரம் பார்த்து.

பத்தாவது நிமிடத்திலேயே அறை முழுக்க வாசம் ஏறிவிட்டது. சூடு பண்ணிய தேன், அதற்கடியில் ஏதோ பூ. வாயில் விட்டேன். துப்பவில்லை. நின்றபடி குடித்தவன் இரண்டாவது கோப்பையை உட்கார்ந்து குடித்தேன்.

அவள் சொன்னது சரி. எல்லாமே சரி.

மார்ச் 18, செவ்வாய்

பழைய அலமாரியில் அவளுடைய கோப்பு கிடைத்தது. பதினான்கு பக்கம். எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடம், பால் சேர்த்தால் என்ன ஆகும், எந்த இலையோடு எது சேரும். என் அறிக்கைகளைவிடச் சுத்தமாக இருந்தது. முதல் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் 'குப்பை' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்துதான். 'கு'வின் சுழியைப் பார்த்தாலே தெரியும்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்த வருஷ மதிப்பீட்டில் அவளைப் பற்றி எழுதினேன்: 'டேஸ்டர் வேலைக்கு நாக்கு போதாது.' லேபிள் ஒட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஆறே மாதத்தில் போய்விட்டாள். அந்த ஒரு வரியோடு வேறு எந்தக் கம்பெனி டேஸ்டராகச் சேர்த்துக்கொள்ளும்?

எழுதும்போது எனக்கு அவள் நாக்கைப் பற்றிச் சந்தேகமே கிடையாது. அதுதானே கோபம்?

மார்ச் 21, வெள்ளி

அறிக்கை கொடுத்தேன். சின்ன முதலாளி துள்ளிக் குதித்தார். "கொதிக்க வைக்கணும்கிற யோசனை எப்படி சார் வந்துச்சு?"

வாயைத் திறந்தேன். "அனுபவம்தான்" என்று வந்தது.

பாக்கெட்டில் என் பெயரைப் போடப் போகிறாராம். 'தலைமைச் சுவைஞரின் தேர்வு.' நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லவில்லையே!

மார்ச் 22, சனி

பாக்கெட் விஷயத்தை இவளிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "அந்தப் பொண்ணு சொன்னதுதானே இது? எலும்புன்னு சொல்லி நக்கல் பண்ணீங்களே?"

ஒன்பது வருஷம் ஞாபகம் வைத்திருக்கிறாள்.

"அன்னைக்கே எனக்குச் சிரிப்பு வரல" என்றாள்.

ஏப்ரல் 2, புதன்

அந்தப் பெண்ணைத் தேடிப்பிடித்துப் போனேன். பெயின்ட் கடையில் நிறம் கலக்கிற வேலை. உடைந்த ஓடு ஒன்றை ஒருவர் நீட்ட, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அதே நிறத்தைக் கொண்டுவந்தாள். அவர் போகும்வரை நின்றேன். அவளுக்கு முன்தலை நரைத்திருக்கிறது. என்னைக் கண்டதும் தெரிந்துகொண்டாள்.

"உக்காருங்க சார்."

டப்பாவை நீட்டினேன். மூடியைத் திறக்காமலே கேட்டாள். "ஹனிபுஷ்ஷா?"

"ஆமாம்மா. கொதிக்க வச்சுப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. உன் பழைய ஃபைலைப் பார்த்துத்தான் அறிக்கையே எழுதினேன்."

"அதுல என் பேர் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

மன்னிப்புக் கேட்க என்று ஏதோ முனகினேன். அவள் கையை அழுத்தித் துடைத்தாள். "அன்னைக்குப் பதினோரு பேர் முன்னாடி சொன்னீங்க. இன்னைக்குப் பெயின்ட் டப்பாங்க முன்னாடி வந்து மன்னிப்புக் கேக்கறீங்க. இதுங்களுக்கு என்ன சார் தெரியும்?"

டப்பாவை என் பக்கமே தள்ளிவிட்டாள். அடுத்த ஆள் வந்துவிட்டார்.

ஏப்ரல் 3, வியாழன்

வயிறு சரியில்லை என்று லீவு சொன்னேன். வயிறு நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

காலைக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். அந்தப் பதினோரு பேரில் நான்கு பேர்தான் மிச்சம். இருக்கிறவர்கள் கேட்கட்டும். அவளுடைய பதினான்கு பக்கத்தையும் மேசையில் வைத்து, சிவப்பு மை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பினேன். இது அவளுடைய வேலை, நான் திருடினேன், மதிப்பீட்டில் எழுதியது பொய் என்றேன். திருடினேன் என்ற சொல் அவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று நினைக்கவில்லை.

அன்றைக்குச் சிரித்தவர்களில் ஒருவர் தன் டீக் கோப்பையின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப எதுக்கு சார் இதெல்லாம்? பாக்கெட் அச்சுக்குப் போகுது" என்றார் சின்ன முதலாளி.

"அவ பேரைப் போடுங்க."

"வேலையில இல்லாதவங்க பேரை எப்படிப் போடறது? உங்க பேரும் வேணாம், அவங்க பேரும் வேணாம். விடுங்க."

ஏப்ரல் 16, புதன்

பாக்கெட் வந்தது. 'எங்கள் நிபுணர் குழுவின் தேர்வு.' அப்படி ஒரு குழுவே கிடையாது.

மே 6, செவ்வாய்

அந்தப் பழைய மதிப்பீட்டை வாபஸ் வாங்கிக் கடிதம் எழுதினேன். கம்பெனித் தாளில், முத்திரையோடு. முத்திரை வைக்க மேலாளர் மூன்று வாரம் இழுத்தடித்தார். 'நான் அறிந்தவர்களில் மிகக் கூர்மையான சுவை உணர்வு. மாறாக எழுதியது என் பொறாமை.' இவளிடம் படித்துக் காட்டினேன். "பொறாமைங்கற வார்த்தையை மட்டும் அடிச்சிடாதீங்க" என்றாள். அசலை அந்தப் பெண்ணுக்குத் தபாலில் அனுப்பினேன்.

மே 23, வெள்ளி

பதில் இல்லை. ஏன் வரவேண்டும்?

ஜூன் 3, செவ்வாய்

வேறொரு டீக் கம்பெனியிலிருந்து போன். "உங்க கடிதம் எங்ககிட்ட வந்திருக்கு. உண்மைதானான்னு கேக்கணும்." ஒவ்வொரு வார்த்தையும் உண்மை என்றேன். "பொறாமைன்னு எழுதியிருக்கீங்களே, அதுவுமா?" "அதுதான் முதல்ல."

சின்ன முதலாளியின் காதுக்குப் போய்விட்டது. போட்டிக் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தேனாம். மாதக் கடைசியோடு ஓய்வு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்.

ஜூன் 19, வியாழன்

பெயின்ட் கடைப் பக்கம் போனேன். உள்ளே நுழையும்வரை நுழையப் போவது தெரியாது. அவள் இடத்தில் கடைக்காரரே நின்று, கறுப்பைக் கொட்டிவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தார்.

"நிறம் கலக்கற அம்மா இல்லையா?" என்றேன்.

"நின்னுட்டாங்க சார், போன வாரம். ஏதோ டீக் கம்பெனியில பெரிய வேலையாம். போற அன்னைக்கு எல்லாருக்கும் ஒரு செம்மண் கலர்ல டீ போட்டுக் குடுத்தாங்க. நல்லா இருந்துச்சு." ஒரு கணம் என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"தெரியும்னு சொல்ல முடியாது."

வெறுங்கையோடு வெளியே வரக் கூச்சமாக இருந்தது. சின்னதாய் ஒரு பிரஷ் வாங்கிக்கொண்டு வந்தேன்.