மஞ்சள் முகத்தைத் தொட்ட விரல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் வராமல் சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று சிரிக்காதே. உன்னைப் போனில் பிடிப்பதே குதிரைக்கொம்பு, பிடித்தாலும் ரெண்டு நிமிஷம்மா, மீட்டிங் என்பாய், நானும் சரிடி என்று வைத்துவிட்டு, சொல்ல வந்ததை மென்று விழுங்குவேன். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது பார்.

காப்பகத்துப் பிள்ளைகள் எல்லாம் மதியத் தூக்கத்தில் இருக்கிறார்கள். நான் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுந்தால் கதவு கிறீச்சிடும், கிறீச்சிட்டால் நம் வாலு எழுந்துவிடுவான், அவன் ஒருத்தன் எழுந்தால் ஊரே எழுந்த மாதிரி. ஜன்னல்களைச் சாத்தி, கேட்டைப் பூட்டி, சாவி என் மடியில். பெற்றவர்கள் வரும்வரை பூட்டைத் திறக்கக் கூடாது என்பது நானே போட்ட சட்டம்தான், ஆனால் முன்பெல்லாம் அப்பாவைக் காவல் வைத்துவிட்டு முனைக் கடைவரை போய் நாலு பேர் முகத்தைப் பார்த்துவிட்டு வருவேன். பிள்ளைகள் முகப்படத்தைத் தொட்டு மனசைச் சொல்ல நீ செய்த அந்த ஆப் வந்த பிறகு அதுவும் போச்சு. எந்த நேரத்தில் எந்த அம்மா கூப்பிடுவாளோ, போனைக் கையை விட்டு இறக்க முடியவில்லை. குளிக்கப் போனால்கூட அது கூடவே வருகிறது.

அப்பாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது, படி ஏறாதீர்கள் என்றால் கேட்டால்தானே. மேல்வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவதும், தொட்டி நிரம்பி நம் வாசலில் கொட்டுவதும், இவர் கீழே நின்று கத்துவதும் நீ இருந்தபோது எப்படியோ அப்படியேதான். அந்த மோட்டாருக்கு இப்போது வயசாகிவிட்டது, ஓட ஆரம்பிக்கும்போது யாரையோ கழுத்தை நெரிக்கிற மாதிரி ஒரு சத்தம். போன வாரம் அந்தக் கோபத்தோடு வந்தவர் பிள்ளைகள் ஆளுக்கொன்றாக வைத்திருக்கிற டேப் ஒன்றின் திரையில் கோபத்துக்கான சிவப்பு முகத்தைத் தொட்டுவிட்டார், அது உன் குரலில் வாங்க, பலூன் மாதிரி மூச்சு விடலாம் என்று கொஞ்சியது. பலூனாவது மண்ணாவது, முதல்ல அந்த மோட்டாரை நிறுத்தச் சொல்லு என்று அதோடு சண்டைக்கு நின்றார். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் செய்திருக்கிறாய். வாய் திறந்து சொல்லத் தெரியாத வயசுக்கு அந்த முகங்கள் ரொம்பத் தோது. பொம்மிக்குக் கோபம் வந்தால் பக்கத்தில் இருக்கிறவன் கை தப்பாது, இப்போது ஓடிப்போய்ச் சிவப்பைத் தொட்டுவிட்டுப் புஸ் புஸ் என்று மூச்சு விடுகிறாள். அப்புறமும் கடிக்கிறாள், ஆனால் முன்னே மாதிரி ஆழமாக இல்லை. கூத்தும் நடந்தது. நீல முகத்தைத் தொட்டால் அம்மாவின் போனுக்குச் செய்தி போகும், அம்மா உடனே கூப்பிடுவாள் என்று வாலு கண்டுபிடித்துவிட்டான். அன்றைக்கு அத்தனை பேரும் வரிசையாக நீலத்தைத் தொட்டுவிட்டு என் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், என் பிள்ளைக்கு என்னாச்சு டீச்சர் என்று ஆபீஸிலிருந்து ஒவ்வொருத்தியாகப் பதறுகிறாள், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஒன்றுமில்லைம்மா, உங்க குரலைக் கேட்கணுமாம் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிவிட்டது.

இப்போது எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படி. சிட்டு என்று ஒரு குட்டி இருக்கிறாளே, அப்பா மருந்துக்கடை வைத்திருக்கிறார், அம்மா நர்ஸ். நீ போனில் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறாயே, பயத்தின் ஊதாவில் ஆரம்பித்து முழுக்கச் சந்தோஷ மஞ்சளாக மாறிய குழந்தை என்று, அவள்தான். ஒரு நாள் அந்த மோட்டார் திடீரென்று கத்தியதில் பயந்துபோய் ஊதா முகத்தைத் தொட்டிருக்கிறாள். நான் அடுப்படியில் பால் ஆற்றிக்கொண்டிருந்தேன். நான் வந்து என்னடா கண்ணு என்று கேட்பதற்குள் உங்கள் குழந்தை பயத்தில் இருக்கிறாள் என்று அப்பா போனுக்கும் அம்மா போனுக்கும் செய்தி போய்விட்டது. கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார் மனுஷன். மோட்டார் சத்தம்தான் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. வீட்டில் அன்றைக்குப் பெரிய சண்டையாம், நீ ராத்திரி டியூட்டிக்குப் போறதாலதான் பிள்ளை இப்படிப் பயந்து சாகுது என்று அவர் கத்த, அந்தப் பெண் கையில் இருந்த தட்டை விட்டெறிய, குழந்தை நடுவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறது.

மறுநாளிலிருந்து சிட்டு மஞ்சளைத் தவிர வேறு முகத்தைத் தொடுவதில்லை. மஞ்சளைத் தொட்டால் மணி அடிக்கும், உன் ஆப் சபாஷ் சொல்லும், வீட்டுக்கு உங்கள் குழந்தை மகிழ்ச்சியாக இருக்கிறாள் என்று செய்தி போகும். நானும் முதலில் ஏமாந்துதான் போனேன். அப்புறம் ஒரு நாள் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் டேப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள், கன்னமெல்லாம் ஈரம், விரல் மட்டும் மஞ்சள் முகத்தை விடாமல் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஏண்டா தங்கம் என்று கேட்டேன். இதைத் தொட்டா எங்க வீட்டுல சண்டை வராது என்று சொன்னாள். நாலு வயசு.

இதில் நான் எப்படி மாட்டிக்கொண்டு முழிக்கிறேன் என்று கேள். அவள் அப்பாவிடம் சொன்னால் அன்றைக்கே வீட்டில் அடுத்த சண்டை, அதுவும் அவள் தலையில்தான் விடியும். சொல்லாமல் இருந்தால் அந்த மனுஷன் தினமும் கேட்டில் நின்று ஆப் சூப்பர் டீச்சர், எப்ப வீடியோ எடுக்கலாம் என்கிறார், நீ கேட்ட வீடியோவுக்காகச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாராம். உன்னிடம் சொல்லலாம் என்றால், அடுத்த வாரம் பெரிய ஆட்கள் முன்னால் இவளுடைய கதையைத்தான் காட்டப் போகிறேன், இது நல்லபடியா முடிஞ்சாதான் எங்க டீமே இருக்கும் என்றாய். வேலை போய் ஆபீஸ் வாசலில் நீ நிற்கிற கோலம் கண்ணுக்குள் வந்து என் வாயை அடைத்துவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

அதனால் ஒரு திருட்டு வேலை செய்தேன். அவளுடைய டேப்பை நானே வாங்கி வைத்துக்கொண்டேன். காலையிலும் மாலையிலும் அவளுக்காக நான் மஞ்சளைத் தொடுகிறேன். நீ பெருமைப்படுகிற கடைசி ரெண்டு வாரமும் அந்தக் குழந்தையின் சந்தோஷம் இல்லைடி, உன் அம்மாவின் விரல். இதை மறைத்துவிட்டு உன்னை அந்த ஆட்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்த என்னால் முடியாது.

டேப் கையை விட்டுப் போனபிறகு என்ன ஆனது தெரியுமா, மறுபடி மோட்டார் கத்திய அன்றைக்குச் சிட்டு ஓடிவந்து என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுது தீர்த்தாள். நான் யாருக்கும் சொல்லவில்லை. அழுது முடித்ததும் உன் அப்பா அவளை மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போய் மோட்டாரையும் சுவிட்சையும் காட்டினார், அவளே எட்டி அணைத்தாள். இப்போது தண்ணீர் வழிந்தால் தாத்தா, நிறுத்தட்டுமா என்று முதலில் குரல் கொடுப்பது அவள்தான். அன்றைக்கும் வீட்டுக்குப் போன செய்தி மஞ்சள்தான், வேறு வழி தெரியவில்லை.

உனக்குத் தெரியாத வேலையை நான் சொல்லித்தர வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், வீட்டுக்குப் பறக்கிற அந்தச் செய்தியை எடுத்துவிடு. பிள்ளை தொட்டால் பக்கத்தில் இருக்கிறவளுக்குத் தெரிந்தால் போதும். நிஜமாகவே ஏதாவது என்றால் பெற்றவளைக் கூப்பிட்டுச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. சிட்டுவின் அம்மாவை இந்த வாரமே தனியாக உட்காரவைத்துப் பேசுகிறேன், அது என் பொறுப்பு. அந்த ஆட்களிடம் என்ன சொல்வது என்பது உன் பொறுப்பு. உன் வேலை போய்விடுமோ என்று எனக்கும் பயம்தான், பொய் சொல்லமாட்டேன். போனால் வீட்டுக்கு வா, அவ்வளவுதானே.

வாலு புரள ஆரம்பித்துவிட்டான், சுருக்கமாக முடிக்கிறேன். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை நான் எப்படிடி இருக்கே என்று கேட்டு முடிப்பதற்குள் சூப்பரா இருக்கேன்மா என்றாய். சிட்டுவின் விரல் மஞ்சளுக்குப் போகுமே, அதே வேகம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. நாங்கள் சுகம் என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதையும் அப்படித்தான் எழுதினேன், கை பழகிப்போச்சு.

நீ தீர்க்காயுசாக, மனசில் பாரம் இல்லாமல் இருக்க வேண்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. இந்த ஞாயிறு மறக்காமல் கூப்பிடு, கூப்பிட்டதும் நிஜத்தைச் சொல்லு. நீ எந்த முகத்தைத் தொட்டாலும் நம் வீட்டில் சண்டை வராது.

இப்படிக்கு,
கதவில் சாய்ந்தபடி,
உன் அம்மா